பெயர் தொலைந்த ஆப்பிள்

1893இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில், லூசியானா என்ற சிற்றூரில் இருந்த ஸ்டார்க் பிரதர்ஸ் நாற்றுப்பண்ணை ஒரு பழப் போட்டி நடத்தியது. வந்து குவிந்த ஆப்பிள்களில் நீண்டு சிவந்த ஒன்றைக் கடித்துப் பார்த்த கிளாரன்ஸ் ஸ்டார்க், பரிசு இதற்குத்தான் என்று முடிவு செய்துவிட்டார். அனுப்பியவர் யாரென்று பார்த்தால், பெயரும் முகவரியும் எழுதிய சீட்டைக் காணவில்லை. அடுத்த ஆண்டும் அதே ஆள் பழம் அனுப்பினால்தான் உண்டு என்று காத்திருந்தார்கள். அனுப்பினார். அயோவா மாநிலத்தில் பெரு என்ற ஊரைச் சேர்ந்த ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயி அவர். தோப்பில் வரிசை தப்பி முளைத்த ஒரு கன்றை இரண்டு முறை வெட்டிப் போட்டும் அது மறுபடி துளிர்த்து வந்ததால் விட்டுவைத்திருந்தார். அந்த ஒற்றை மரத்தின் பழம்தான் பிறகு ‘ரெட் டெலிஷியஸ்’ என்ற பெயரில் உலகைச் சுற்றியது. 1916 வாக்கில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் அதைச் சிம்லா மலையில் உள்ள கோட்கருக்குக் கொண்டுவந்தார். நம் பழக்கடைகளில் சிம்லா ஆப்பிள் என்று கேட்டு வாங்கும் பழங்களில் பலவும் அந்த வழியில் வந்தவை.

ஒரு சீட்டு தொலைந்ததற்கே ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. மரத்தின் பெயரே தொலைந்துபோனால்? இங்கிலாந்தில் பழைய வீடுகளின் கொல்லைகளில் அப்படி எத்தனையோ ஆப்பிள் மரங்கள் நிற்கின்றன. நட்டவர் காலமாகியிருப்பார், வீடு நான்கு கை மாறியிருக்கும், தகர அட்டையில் எழுதிய பெயர் துருவோடு உதிர்ந்திருக்கும். மரம் மட்டும் ஆண்டுதோறும் காய்த்துக்கொண்டிருக்கும். இலையுதிர்காலம் வந்தால் அந்தப் பழங்களைப் பைகளில் போட்டுக்கொண்டு, இது என்ன ரகம் என்று கேட்க வல்லுநர்களிடம் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். ‘காமன் கிரவுண்ட்’ என்ற அமைப்பு 1990 அக்டோபர் 21 அன்று லண்டன் கோவென்ட் கார்டனில் தொடங்கிவைத்த ஆப்பிள் தினம் இன்று பல ஊர்களில் நடக்கிறது. அங்கெல்லாம் கூட்டம் மிகுதியாக நிற்பது இந்தப் பெயர் சொல்லும் மேசையின் முன்னால்தான்.

ஒரு பழத்தின் பெயருக்கு இவ்வளவு ஆவலா என்று தோன்றலாம். ஆப்பிளில் ரகம் என்பது எது என்று புரிந்துகொண்டால் அந்த ஆவலின் நியாயம் விளங்கும்.

மாங்கொட்டையை ஊன்றி வளர்த்த மரம் தாய்மரத்தின் பழத்தையே தரும் என்று நம்ப முடியாது. ஒட்டுக்கன்று கேட்டு வாங்குவது அதனால்தான். ஆப்பிளில் இந்த விதி இன்னும் கடுமை. ஆப்பிள் பூ பொதுவாகத் தன் மரத்து மகரந்தத்தை ஏற்பதில்லை. சூல்தண்டில் இருக்கும் ஒரு புரதம், வந்து விழுந்த மகரந்தம் தன்னுடையதுதான் என்று கண்டுகொண்டால், அதன் குழாய் வளரவிடாமல் தடுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு விதைக்கும் தந்தை வேறொரு மரம். ஒரு பழத்தில் ஐந்து விதை அறைகள், அறைக்குப் பெரும்பாலும் இரண்டு விதைகள். பத்தையும் ஊன்றி வளர்த்தால் பத்தும் பத்து வகையாகக் காய்க்கும். தாயைப் போல ஒன்றுகூட இருக்காது. பெரும்பாலானவை புளிப்பாகவோ சப்பென்றோ இருக்கும். எப்போதாவது ஒன்று அபாரமாக அமைந்துவிடும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, மரத்தின் குச்சியை வெட்டி வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டுவது.

அதாவது, ஓர் ஆப்பிள் ரகம் என்பது ஒரு குலம் அன்று. ஒரே ஒரு மரம். அதே மரம்தான் மனிதர் கையால் ஆயிரமாயிரம் இடங்களில் நீட்டிக்கப்பட்டு வாழ்கிறது. ஒரே ரகத்தை மட்டும் தோப்பு முழுக்க நட்டால் காய் பிடிக்காமல் போவதும் இதனால்தான். ஆயிரம் மரங்கள் நின்றாலும் பூவின் கணக்கில் அவை ஒரே மரம்.

பிராம்லி என்ற ஆப்பிள் ரகத்தின் வரலாறு இதற்கு நல்ல சாட்சி. 1809இல் நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி சில ஆப்பிள் விதைகளை ஊன்றினாள். ஒன்று மரமானது. அவள் வளர்ந்து, மணம் முடித்து, வேறு இடம் போனாள். 1846இல் அந்த வீட்டை மேத்யூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். பத்து ஆண்டுகள் கழித்து ஹென்றி மெரிவெதர் என்ற பதின்ம வயது இளைஞர் அந்தப் பழத்தைக் கண்டு, ஒட்டுக் கட்டக் குச்சி கேட்டார். என் பெயரை வைப்பதானால் எடுத்துக்கொள் என்றார் பிராம்லி. இன்று பிரிட்டன் முழுவதும் சமையலுக்குப் பயன்படும் ஆப்பிளின் பெயர் ‘பிராம்லிஸ் சீட்லிங்’. விதை ஊன்றியவள் 1852இல் இறந்தாள். தன் மரத்துக்கு இப்படி ஒரு வாழ்வு வரும் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பெயர் அவளுடையதாக இருந்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். மூல மரம் 1900இல் புயலில் சாய்ந்து, விழுந்த இடத்திலிருந்தே மறுபடி எழுந்தது. பின்னர் பூஞ்சை நோய் பற்றிக்கொண்டது. ஆனால் உலகில் எந்த பிராம்லி மரத்தின் பழத்தைக் கடித்தாலும் மேரி ஆன் ஊன்றிய அந்த மரத்தைத்தான் கடிக்கிறோம்.

எனவே கொல்லையில் நிற்கும் மரத்தின் ரகத்தைக் கேட்பது, ரோஜாவா மல்லிகையா என்று கேட்பதைப் போன்றதன்று. உலகில் பிறந்த ஆப்பிள் மரங்களுள் இது எந்த மரம் என்ற கேள்வி அது. ஓர் ஆளை அடையாளம் காணும் வேலை.

அந்த வேலையை வல்லுநர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெருவியப்பு. முதலில், ஒற்றைப் பழத்தை வைத்துக்கொண்டு பேசமாட்டார்கள். நன்றாக முற்றிய, காம்பு உதிராத பழங்கள் குறைந்தது மூன்றாவது வேண்டும் என்பார்கள். மரத்திலேயே ஆகப் பெரிய பழத்தைக் கொண்டுபோனால் பயனில்லை. ஆப்பிள் பூங்கொத்தில் நடுப் பூ முதலில் மலரும். அதில் விளையும் பழம் மற்றவற்றைவிடப் பெருத்து, காம்பு தடித்து, ரகத்தின் இயல்பான வடிவம் மாறி நிற்கும். ‘ராஜா பழம்’ என்று அதை ஒதுக்கிவிடுவார்கள். நிழலில் இருந்த பழமும் ஆகாது. அதற்கு நிறம் ஏறியிருக்காது.

புறத்தோற்றத்தில் சாதாரணக் கண்ணுக்குச் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்பது தெரியும். வல்லுநருக்கு நிறம் இரண்டு அடுக்கு. அடியில் ஒரு நிறம், அதன்மேல் வெயில் பூசிய இன்னொரு நிறம். மேல் நிறம் ஒரே சீராகப் படர்ந்திருக்கிறதா, கோடு கோடாக ஓடுகிறதா, கோடும் படர்வும் கலந்ததா என்று பார்ப்பார்கள். தோலில் துரு ஏறினாற்போன்ற பழுப்புச் சொரசொரப்பு உண்டா, உண்டென்றால் காம்புக் குழியில் மட்டுமா, வலைபோல் எங்குமா என்று தடவிப் பார்ப்பார்கள். ‘எக்ரிமான்ட் ரசட்’ முழுக்க அந்தச் சொரசொரப்பில் மூடியிருக்கும். பழத்தை உள்ளங்கையில் உருட்டினால் சிலவற்றில் மழமழப்பு, சிலவற்றில் மெழுகுப் பிசுக்கு. பறித்து வைத்த பிராம்லி நாள் ஆக ஆக எண்ணெய் தடவியதுபோல் ஆகிவிடும்.

பிறகு காம்பு. குட்டையா நீளமா, குழிக்குள் அமுங்கியதா வெளியே நீட்டியதா? அடுத்துப் பழத்தைத் தலைகீழாகத் திருப்பி, பூ இருந்த இடத்தைப் பார்ப்பார்கள். அதைக் கண் என்பது அவர்கள் வழக்கம். காய்ந்த புல்லி இதழ்கள் கண்ணை மூடி நிற்கின்றனவா, விரிந்து திறந்து கிடக்கின்றனவா? ‘பிளென்ஹைம் ஆரஞ்ச்’ ரகத்தின் கண் பெரிதாகத் திறந்திருக்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை.

அதன் பின்தான் கத்தி. பழத்தை நெடுக்காக நடுவில் வெட்டுவார்கள். கண்ணுக்குக் கீழே ஒரு சிறு குழாய் இருக்கும். அது புனல் வடிவமா கூம்பு வடிவமா? அந்தக் குழாயின் சுவரில் பழைய மகரந்தக் கேசரங்களின் காய்ந்த மிச்சம் ஒட்டியிருக்கும். அது மேலே இருக்கிறதா, நடுவிலா, அடியிலா? வசந்தத்தில் உதிர்ந்த பூவின் உள்ளமைப்பு இலையுதிர்காலப் பழத்துக்குள் அப்படியே பதிந்து கிடக்கிறது. வெயிலும் மண்ணும் நிறத்தை மாற்றும், பருமனை மாற்றும். இந்த உள்ளமைப்பை எளிதில் மாற்றுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் ஆப்பிள் அறிஞரான ராபர்ட் ஹாக், ரகங்களை வகைப்படுத்தக் குழாயையும் கேசரத்தையும் முக்கியச் சான்றுகளாக எடுத்துக்கொண்டார். நிறத்தின் கவர்ச்சிக்கு மயங்காமல் யாரும் பார்க்காத ஒரு துளியைத் தேர்ந்தெடுத்த அந்தக் கூர்மையை எத்தனை பாராட்டினாலும் தகும். விதை அறைகளும் பேசும். பழுத்த காக்ஸ் ஆப்பிளைக் காதருகே வைத்து ஆட்டினால் தளர்ந்த விதைகள் கலகலவென்று ஒலிக்கும்.

கடைசியில் நாக்கு. ‘எல்லிசன்ஸ் ஆரஞ்ச்’ சோம்பு மணக்கும். நன்றாகப் பழுத்த ‘வுஸ்டர் பியர்மெய்ன்’ ஸ்ட்ராபெரியை நினைவூட்டும். ‘பிட்மாஸ்டன் பைன் ஆப்பிள்’ தன் பெயருக்கேற்ப அன்னாசி வாசம் வீசும். பிராம்லியை வேகவைத்தால் அதன் மிகுந்த அமிலத்தால் குழைந்து கூழாகிவிடும். பிளென்ஹைம் வடிவம் கெடாமல் நிற்கும். மரம் என்று பூத்தது, பழம் என்று கனிந்தது, பறித்த பின் எத்தனை மாதம் தாங்கியது என்பதையும் கேட்பார்கள். ‘பியூட்டி ஆஃப் பாத்’ ஆகஸ்ட் வாக்கிலேயே உதிரத் தொடங்கும். நவம்பரிலும் மரத்தில் தொங்கும் பழத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது.

இத்தனையும் பார்த்த பிறகும் பெயரில் வரும் குழப்பம் தனிக்கதை. ஒரே மரத்துக்கு ஊருக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ‘கிங் ஆஃப் த பிப்பின்ஸ்’ பிரான்சில் ‘ரென் தே ரெனெத்’. இந்தச் சிக்கலை அவிழ்க்கவே 1883இல் லண்டனை ஒட்டிய சிசிக்கில் தேசிய ஆப்பிள் மாநாடு கூட்டினார்கள். நாடெங்கிலுமிருந்து வந்த பழங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1,500க்கும் மேற்பட்ட ரகங்களைப் பிரித்தறிந்தார்கள். அதே காலத்தில் ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஆலிஸ் எல்லிஸ், ஈடித் புல் என்ற இரு பெண்கள் பழங்களை வண்ணம் தீட்டி ஒரு பெருநூலுக்கு உயிர் கொடுத்தார்கள். அமெரிக்க வேளாண் துறை 1886 முதல் 1942 வரை ஓவியர்களை அமர்த்தி 7,500க்கும் மேற்பட்ட பழ ஓவியங்களைத் தீட்டவைத்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதி ஆப்பிள். வண்ணப் புகைப்படம் பரவாத காலத்தில், வெட்டிய பழத்தின் உட்புறத்தையும் சேர்த்து வரைந்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் கைவிடப்பட்ட பண்ணைகளில் அலைந்து, அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட ரகங்களைத் தேடும் டேவிட் பென்ஸ்கோட்டர் போன்றவர்களின் கண்டுபிடிப்புகளை உறுதிசெய்ய இன்றைக்கும் துணை நிற்பவை அந்த ஓவியங்கள்.

வேர்ச்செடிகளிலும் இதே குழப்பம் இருந்தது. மரத்தைக் குட்டையாக்கும் வேர்ச்செடிகள் ஐரோப்பாவில் ‘பாரடைஸ்’ என்ற ஒரே பெயரில் கலந்து விற்கப்பட்டன. 1910களில் இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஹாட்டன் அவற்றைச் சேகரித்து, பிரித்து, பெயருக்குப் பதில் எண் கொடுத்தார். அந்த வரிசையில் ஒன்பதாவதாக வந்த ‘எம் 9’ இன்று உலகின் ஆப்பிள் தோட்டங்களில் மிகப் பரவலான குட்டை வேர்ச்செடிகளுள் ஒன்று. கொல்லை மரத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையும் இதில் இருக்கிறது. மேலே ஒட்டிய ரகம் எப்போதோ பட்டுப்போய், அடியிலிருந்து வேர்ச்செடியே துளிர்த்து மரமாகியிருக்கலாம். அப்போது எந்தப் பழநூலைப் புரட்டினாலும் பெயர் கிடைக்காது.

இன்று டி.என்.ஏ. சோதனை வந்துவிட்டது. ஆப்பிளின் 17 ஜோடிக் குரோமோசோம்களில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட துணுக்குகள் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை திரும்புகின்றன என்பது ரகத்துக்கு ரகம் மாறும். பன்னிரண்டு இடங்களில் இந்தத் தொடர்களின் நீளத்தை அளந்தால் கிடைக்கும் எண்களின் வரிசை பெரும்பாலும் ஒரு ரகத்துக்கே உரியது. பழம் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கோடைத் தொடக்கத்து இளம் இலைகள் சில போதும். ஓர் இடத்தில் இரண்டுக்குப் பதில் மூன்று அளவுகள் தென்பட்டால், அது மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மரம் என்பதும் தெரிந்துவிடும். பிராம்லி அப்படிப்பட்டது, 51 குரோமோசோம்கள். அதன் மகரந்தம் பக்கத்து மரங்களுக்கு அவ்வளவாக உதவாது. தோட்டத்தில் காய் பிடிக்காததற்கு அது ஒரு காரணமாகலாம்.

வல்லுநர்களே எழுதிவைத்த ஏடுகளையும் இந்தச் சோதனை திருத்தியிருக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991இல் வெளியிட்ட புகழ்பெற்ற ‘ஹனிகிரிஸ்ப்’ ஆப்பிளின் பெற்றோர் ‘மக்கூன்’, ‘ஹனிகோல்டு’ என்று பதிவாகியிருந்தது. டி.என்.ஏ.வைப் பார்த்தால் இரண்டுமே இல்லை. ஒரு பெற்றோர் ‘கீப்சேக்’. மற்றொன்று வெளியிடப்படாமலே போன, எண் மட்டும் கொண்ட ஒரு சோதனை மரம். 2017இல்தான் அது உறுதியானது.

ஆனாலும் இந்தச் சோதனைக்கு எல்லைகள் உண்டு. மரத்தின் ஒரு கிளை தற்செயலாக மாறி, அதில் மட்டும் பழம் கூடுதலாகச் சிவப்பது ஆப்பிளில் சகஜம். ரெட் டெலிஷியஸ் ரகத்திலிருந்து அப்படிப் பல கிளை ரகங்கள் வந்திருக்கின்றன. பன்னிரண்டு இடங்களை அளக்கும் சோதனைக்கு அவையெல்லாம் ஒன்றுதான். கண்ணுக்கு அவை வேறு. இன்னொன்று அடிப்படையானது. சோதனை தருவது எண்களை மட்டுமே. அந்த எண்களுக்கு உரிய பெயரைச் சொல்ல, பெயர் உறுதியான ஒரு மரம் எங்காவது நிற்க வேண்டும். கென்ட் மாவட்டத்தில் ஃபேவர்ஷாமுக்கு அருகே பிராக்டேலில் உள்ள தேசியப் பழத் தொகுப்பு அதைத்தான் செய்கிறது. சுமார் 2,200 ஆப்பிள் ரகங்கள் அங்கே உயிரோடு நிற்கின்றன. ஆய்வகத்தைவிட அந்தத் தோப்பே முதன்மையானது என்பது என் உறுதியான கருத்து. தோப்பு அழிந்தால் ஆய்வகத்தின் எண்கள் வெறும் எண்கள்.

எதனோடும் ஒத்துப்போகாத மரங்களும் உண்டு. தின்று வீசிய பழத்தின் விதையிலிருந்து எழுந்தவை பெரும்பாலும் அவை. அதைக் கேட்டுச் சிலர் முகம் வாடுகிறார்கள். வாட வேண்டியதில்லை. வேல்ஸ் கரையோரம் உள்ள பார்ட்ஸி தீவில், காற்று அறையும் ஒரு வீட்டுச் சுவரை ஒட்டி வளைந்து நின்ற மரத்தின் பழங்கள் 1998இல் பிராக்டேலின் ஆப்பிள் அறிஞர் ஜோன் மார்கனிடம் வந்தன. அறிந்த எந்த ரகத்தோடும் அந்த மரம் பொருந்தவில்லை. அதன் ஒட்டுக்கன்றுகள் இப்போது பல தோட்டங்களில் வளர்கின்றன. காக்ஸும் பிராம்லியும் ரெட் டெலிஷியஸும் ஒரு காலத்தில் இப்படிப் பெயரில்லாத விதைக்கன்றுகள்தாம்.

லண்டனிலோ டொரண்டோவிலோ பழைய வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் இன்று ஏராளம். உங்கள் கொல்லையில் ஓர் ஆப்பிள் மரம் நின்றால், இடத்தை அடைக்கிறது என்று வெட்டும் முன் ஓர் ஆண்டு பொறுங்கள். பூக்கும் தேதியையும் முதல் பழம் கனியும் தேதியையும் எழுதிவையுங்கள். காம்போடு சில பழங்களை அருகிலுள்ள ஆப்பிள் தினத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். மரம் நோயுற்றிருந்தால், பெயர் தெரியும்வரை காத்திருக்காமல், இலை உதிர்ந்த குளிர்காலத்திலேயே நலமான இளங்கிளைகளில் ஒட்டுக்குச்சி எடுத்துவிடுங்கள். பெயரைப் பிறகும் தேடலாம். பட்டுப்போன மரத்திலிருந்து குச்சி எடுக்க முடியாது.